பச்சை போன பிறகு என்ன மிச்சம்? நான்கு தோட்டத்துப் பெர்ஃப்யூம்கள்

ஃப்ரெஷ்ஷா, க்ரீனா, கொஞ்சம் பூ வாசனையோட வேணும்னு கேட்டால் கடையில் வரிசையாக எடுத்து வைப்பார்கள். முதல் ஐந்து நிமிடம் எல்லாமே அருமையாக இருக்கும், சிக்கலே அங்கேதான். புல் வெட்டும்போது எழும் அந்தப் பச்சை வாசனைக்குக் காரணமான ஹெக்ஸெனால் சின்ன மூலக்கூறு, தோலின் சூடு பட்டதும் பறந்துவிடும். அதனால் இந்த வகைப் பெர்ஃப்யூமை ஸ்ப்ரே அடித்த கையோடு எடை போடக் கூடாது, பச்சை கிளம்பிப் போன பிறகு தோலில் என்ன நிற்கிறது என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். பிரெஞ்சு நிறுவனமான எர்மெஸின் தோட்ட வரிசையில் மூன்றையும் இத்தாலிய நிறுவனமான கூச்சியில் ஒன்றையும் அப்படித்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

அதிகம் பேர் கேட்பது எர்மெஸின் 'அன் ழார்தன் சூர் ல நீல்', அதாவது நைல்மேல் ஒரு தோட்டம். 2005-ல் வந்தது, செய்தவர் ழான்-க்ளோட் எலெனா. எகிப்தில் அஸ்வானுக்குப் போனவர் நைல் பக்கத்து மாமரங்களில் தொங்கிய காய்களின் வாசனையைப் பிடித்துக்கொண்டு இதைக் கட்டினார். மாம்பழம் என்று நினைத்து வாங்குகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும், ஏனென்றால் இதில் பழமே கிடையாது. மாங்காயின் காம்பைக் கிள்ளியதும் பிசுபிசுவென்று கசியுமே ஒரு பால், கொஞ்சம் பிசின் நெடியும் கொஞ்சம் புளிப்புமாக, அதுதான் இதன் ஆரம்பம், கூடவே கிரேப்ஃப்ரூட் தோலின் கசப்பு. தாமரையும் உண்டு என்கிறார்கள், எனக்கு அது பூவாகத் தெரிவதில்லை, தண்ணீரின் குளிர்ச்சியாகத்தான் வருகிறது. பச்சை அடங்கியதும் வசம்பும் சாம்பிராணி மாதிரியான மெல்லிய புகையும் சிக்கமோர் மரமும் மேலே வரும், அந்த உலர்ந்த முடிவு வியர்வையோடு சண்டை போடுவதில்லை. ஆண் பெண் யார் போட்டாலும் பொருந்தும். ஆனால் பூ வேண்டும் என்று வந்தவருக்கு இது போதாது.

அதே வரிசையில் 'சூர் ல தூவா', அதாவது கூரைமேல் தோட்டம், அதே எலெனா 2011-ல் செய்தது. பாரிஸில் ஃபோபூர் சாந்த்-ஓனோரே தெருவில் 24-ஆம் எண் கட்டிடம் எர்மெஸின் தாய்க்கடை, அதன் மொட்டை மாடியில் நிஜமாகவே ஒரு தோட்டம் இருக்கிறது, பெர்ஃப்யூமுக்குக் கரு அதுதான். ஆப்பிள், பேரிக்காய், ரோஜா, மக்னோலியா, புல், அப்புறம் பேசில், அதாவது நம்ம திருநீற்றுப்பச்சிலை வகை. சொல்லும்போது பழக்கூடை போலத் தெரிந்தாலும் தோலில் அப்படி வராது. முதலில் நறுக்கிய புல்லும் பேரிக்காய்த் தோலும், கொஞ்ச நேரம் கழித்து ரோஜா, ஆனால் மாலையில் கட்டிய ரோஜா இல்லை, இலையும் காம்புமாகச் செடியிலேயே இருக்கிற ரோஜா. இந்த நான்கில் பச்சையும் பூவும் கடைசிவரை கைகோத்து வருவது இதில் மட்டும்தான். மற்றதில் பச்சை கதவைத் திறந்துவிட்டுப் போய்விடுகிறது, இதில் பூவுக்குள்ளேயே ஒரு பச்சை இழை ஓடுகிறது. குறை என்றால் நிற்கும் நேரம். இரண்டு மூன்று மணி நேரத்தில் தோலை ஒட்டி அடங்கிவிடும், நல்ல வெயிலில் அந்தப் பேரிக்காய் கொஞ்சம் தித்திப்பாகவும் திரும்பும். சட்டையில் ஒரு ஸ்ப்ரே அடித்தால் இன்னும் கொஞ்சம் தாங்கும், வெள்ளைத் துணியில் மட்டும் பார்த்து அடியுங்கள்.

'சூர் லா லகூன்' 2019-ல் க்ரிஸ்டீன் நாகெல் செய்தது. இதற்குக் கரு, வெனிஸின் ஜூடெக்கா தீவில் ஃப்ரெடரிக் ஈடன் என்ற ஆங்கிலேயர் 1884-ல் இடம் வாங்கிப் போட்ட தோட்டம், பிறகு ஓவியர் ஹுண்டர்ட்வாசர் கைக்கு வந்து செடிகள் அதன் போக்கில் வளர விடப்பட்டது. கதை என்னவோ அழகு, பெர்ஃப்யூமும் அழகுதான், மக்னோலியா, லில்லி, பிட்டோஸ்போரம் என்ற வாசனைப் புதர்ப்பூ, அடியில் கடல் உப்பு. ஆனால் பச்சை என்று கேட்டு வந்தவருக்கு இதை நீட்ட மாட்டேன். இது வெள்ளைப் பூ. லில்லி வாசனைக்குத் தலைவலி வருகிறவர்கள் தள்ளியே இருங்கள்.

கூச்சி 'ப்ளூம் அக்வா டி ஃபியோரி' முற்றிலும் வேறு ஜாதி. 2017-ல் வந்த ப்ளூமைச் செய்த ஆல்பெர்டோ மொரியாஸ்தான் அடுத்த வருடம் இதையும் செய்தார். சம்பங்கி, மல்லி, ரங்கூன் மல்லி என்ற பழைய அடித்தளத்தின் மேல் கால்பனம் ஏற்றியிருக்கிறார். ஈரான் பக்கத்துச் செடி ஒன்றின் பிசின் அது, பச்சைப் பட்டாணித் தோலை உடைத்தது மாதிரி கசப்பான பச்சை, ஹெக்ஸெனாலைவிட நன்றாகவே நிற்கும். 1947-ல் ஜெர்மேன் செல்லியே என்பவர் பால்மேன் என்ற ஃபேஷன் நிறுவனத்துக்காகச் செய்த 'வான் வேர்' இந்தக் கால்பனத்தை அள்ளிப் போட்டுத்தான் பச்சைப் பெர்ஃப்யூம் என்ற வகையையே நிலைநாட்டியது. அக்வாவில் அந்தத் துணிச்சல் இல்லை, அளவாகத்தான் இருக்கிறது. அரை மணி நேரத்தில் சம்பங்கி எழுந்து வந்துவிடும், அதுவும் சாயங்காலச் சம்பங்கியின் கனம் இல்லாமல், தண்ணீர் தெளித்து வைத்த மொட்டு போல. சம்பங்கி பிடிக்கும், ஆனால் கல்யாண மண்டபம் ஞாபகம் வரக் கூடாது என்கிறவர்களுக்கு இதைவிட நல்லது இந்த நான்கில் இல்லை.

ஆக, பச்சையும் பூவும் சேர்ந்து வேண்டும் என்றால் எனக்கு தூவாதான், நேரம் குறைவு என்று தெரிந்தே சொல்கிறேன். வெயிலில் அலைகிற வேலை என்றால் நீல். கடையில் பேப்பர் துண்டில் அடித்துக் காட்டுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள், பேப்பரில் உடம்புச் சூடு இல்லாததால் பச்சை நிஜத்தைவிட நீளமாக நிற்கும். ஒரு மணிக்கட்டில் தூவா, இன்னொன்றில் நீல் என்று அடித்துக்கொண்டு, காபி குடித்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து முகர்ந்து பார்த்து வாங்குங்கள்.