ரைசன் 5 5600எக்ஸ்: வேகத்தைப் பூட்டினேன், பிறகு திறந்துவிட்டேன்

கல்யாண வீடியோ எடிட்டிங் என் தொழில். திருநெல்வேலியில் ஏசி இல்லாத ஒரு மாடி அறையில், மூன்று வருடமாக ரைசன் 5 5600எக்ஸ் போட்ட மெஷினில் வேலை செய்கிறேன். 2020 நவம்பரில் ஏஎம்டி வெளியிட்ட ப்ராசஸர் இது. 6 கோர் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்), 12 திரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலைகள்). அடிப்படை வேகம் 3.7 கிகாஹெர்ட்ஸ், பூஸ்ட், அதாவது தேவைப்படும்போது தானாக ஏறும் வேகம், 4.6.

இதற்கு முன் என்னிடம் இருந்தது இன்டெல் ஐ5 2500கே. அதன் டர்போ (இன்டெல் பூஸ்டுக்கு வைத்த பெயர்) 3.7 வரைதான் போகும். பயாஸில் (மெஷின் தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) மல்டிப்ளையரை, அதாவது 100 மெகாஹெர்ட்ஸை எத்தனை மடங்காக்குவது என்ற எண்ணை, 44க்கு ஏற்றி, 4.4லேயே பல வருடம் ஓட்டினேன். கம்பெனி பயன்படுத்தாமல் விட்டுவைத்த வேகம் அதில் அவ்வளவு இருந்தது. அந்தப் பழக்கத்தில் 5600எக்ஸையும் வாங்கிய வாரமே எல்லா கோரையும் 4.5ல் பூட்டினேன். மெஷினைச் சேர்த்துக் கொடுத்த கடையிலும் அப்படித்தான் செய்யச் சொன்னார்கள்.

ப்ராசஸரின் வேகத்துக்கு மதிப்பெண் போடும் சினிபெஞ்ச் ஆர்23 மென்பொருளில் 11,000 சொச்சம் இருந்தது 11,400 ஆனது. சந்தோஷப்பட்டேன். ஆனால் ஒற்றைக் கோர் மதிப்பெண் இறங்கியிருந்தது. டைம்லைனில் கிளிப் வெட்டுவது, டைட்டில் போடுவது எல்லாம் பெரும்பாலும் ஒன்றிரண்டு கோர் செய்கிற வேலை. அந்த நேரத்தில் தானியங்கி பூஸ்ட், கம்பெனி சொல்லும் 4.6ஐயும் கொஞ்சம் தாண்டி, 4.65 வரை ஏறும். கையால் ஒரு எண்ணைப் பூட்டியதும் அந்த பூஸ்ட் நின்றுபோகிறது. ரெண்டரில் (முடித்த வீடியோவைக் கோப்பாக எடுப்பதில்) கிடைத்த சில நிமிடத்துக்காக, நாள் முழுக்க உட்கார்ந்து செய்யும் வேலையின் வேகத்தைக் கொடுத்திருக்கிறேன்.

சரி, பூஸ்ட் எப்படித்தான் வேலை செய்கிறது என்று படித்துப் பார்த்தேன். இந்த ப்ராசஸர் தன் மின்சாரத்தையும் சூட்டையும் இடைவிடாமல் அளந்துகொண்டே 25 மெகாஹெர்ட்ஸ் படிகளாக ஏறி இறங்குகிறது. அதன் வரம்புகள்: 76 வாட், தொடர்ச்சியாக 60 ஆம்பியர், கண நேரத்துக்கு 90 ஆம்பியர், 95 டிகிரி. இவற்றில் எதை முதலில் தொடுகிறதோ அங்கே நின்றுவிடும். பழைய 2500கே-யில் நான் தேடிப் பிடித்த மிச்சத்தை, இதில் பூஸ்டே எடுத்துக்கொள்கிறது. நாம் செய்ய வேண்டியது அதற்கு இடம் கொடுப்பதுதான்.

4.5 பூட்டை எடுத்துவிட்டு, முதலில் கூலரை மாற்றினேன். கூடவே வரும் சின்னக் கூலர் சாதாரண உபயோகத்துக்குப் போதும். ஆனால் எங்கள் ஊர் வெயிலில் மணிக்கணக்காக ரெண்டர் போட்டால் 84 டிகிரி காட்டியது. 120 மில்லிமீட்டர் விசிறி வைத்த டவர் கூலர் போட்டதும் 70க்கு வந்தது. வேறு எதையும் தொடாமலே எல்லா கோரின் வேகமும் கொஞ்சம் ஏறியது.

அப்புறம் பயாஸில் பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ், அதாவது பூஸ்டின் வரம்புகளை உயர்த்த விடும் அமைப்பு. வரம்பை 110 வாட்டுக்கு உயர்த்தி, உச்ச வேகத்துக்கு 200 மெகாஹெர்ட்ஸ் கூடுதல் கொடுத்தேன். இதுவும் ஓவர்கிளாக் (கம்பெனி வைத்த வேகத்தை மீறி ஓட்டுவது) கணக்குதான், இதனால் வரும் சேதத்துக்கு வாரண்டி கிடையாது. தெரிந்தே செய்யுங்கள்.

கடைசியாக கர்வ் ஆப்டிமைசர். ஒவ்வொரு வேகத்துக்கும் கோர் கேட்கிற வோல்ட்டைக் கொஞ்சம் குறைக்கிற அமைப்பு. ஒரு எண் குறைத்தால் சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட் குறையும். நான் எல்லா கோருக்கும் மைனஸ் 30 போட்டேன். இரண்டு மணி நேர ரெண்டர் சிக்கலில்லாமல் முடிந்தது. மறுநாள் காலை, வெறுமனே மெயில் பார்த்துக்கொண்டிருக்கும்போது மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆனது. பாரம் அதிகமானால்தான் விழும் என்று நினைத்திருந்தேன். உண்மையில், வேலை குறைவாக இருக்கும்போதுதான் ஒரு கோர் மட்டும் உச்ச வேகத்துக்குப் பாய்கிறது, குறைத்த வோல்ட் போதாமல் போவது அந்த நேரத்தில்தான். இது புரியவே எனக்கு இரண்டு வாரம் ஆனது. கோர்சைக்கிளர் என்ற இலவச மென்பொருள் ஒவ்வொரு கோராக எடுத்துச் சோதிக்கும், ராத்திரி முழுக்க அதை ஓடவிட்டேன். மிக வேகமான இரண்டு கோருக்கு மைனஸ் 10, மற்ற நான்குக்கும் மைனஸ் 20 என்று வைத்தேன். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட விழவில்லை.

இப்போது ஆர்23ல் 11,900 வருகிறது. ஒற்றைக் கோர் 4.8ஐத் தாண்டுகிறது. கல்யாண வீடியோ ஒன்றை ப்ராசஸரிலேயே எச்265 (வீடியோவைச் சுருக்கும் முறை) ஆக எடுக்க முன்பு 52 நிமிடம் ஆனது, இப்போது 48. அந்த நாலு நிமிடத்தை விட, டைம்லைன் கைக்கு இலகுவாக இருப்பதுதான் எனக்குப் பெரிது.

ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் வரம்பை 90 வாட்டுக்கு இறக்கிவிடுவேன். அதே வீடியோவுக்கு ஒரு நிமிடம்தான் கூடுகிறது. அறையில் உட்கார முடிகிறது.