அட்ரசினை உடைக்கும் இரண்டு மரபணுக்கள்: அட்ஸ்-ஏ, டிர்ஸ்-என்

மக்காச்சோளத்திலும் கரும்பிலும் களை முளைக்கும் முன்பே தெளிக்கப்படும் அட்ரசின், மண்ணில் நெடுநாள் தங்கி, மழைநீரோடு கீழிறங்கி, நிலத்தடி நீரைச் சேரக்கூடிய களைக்கொல்லி. ஐரோப்பிய ஒன்றியம் அதற்கான அனுமதியை 2004ஆம் ஆண்டு விலக்கிக்கொண்டதற்கு இதுவே முதன்மையான காரணம். அட்ரசின் கொட்டிக் கெட்டுப்போன மண்ணையும் நீரையும் பாக்டீரியாவைக் கொண்டு மீட்க முனைபவர்களுக்கு முன்னால் அட்ஸ்-ஏ, டிர்ஸ்-என் என்ற இரண்டு மரபணுக்கள் இருக்கின்றன. இரண்டும் செய்யும் வேலை ஒன்றுதான். அட்ரசின் மூலக்கூறின் நடுவில் இருக்கும் அணு வளையத்தில் ஒட்டியிருக்கும் குளோரினை நீக்கி, அந்த இடத்தில் ஹைட்ராக்சில் தொகுதியை வைக்கும் நொதியை அவை உருவாக்குகின்றன. அவ்வாறு கிடைக்கும் ஹைட்ராக்சி அட்ரசினுக்குக் களையைக் கொல்லும் திறன் இல்லை. அது மண்துகள்களை இறுகப் பற்றிக்கொள்வதால் நீரோடு எளிதில் இறங்குவதும் இல்லை. ஆகவே உடைப்பின் முதல் வெட்டுதான் முக்கியமானது. அந்த வெட்டை எந்த மரபணுவிடம் ஒப்படைப்பது என்பதே இங்கு எடுத்துக்கொள்ளும் கேள்வி.

அட்ஸ்-ஏ அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் களைக்கொல்லி சிந்திய ஓர் இடத்து மண்ணிலிருந்து கிடைத்தது. அந்த மண்ணில் பிரித்தெடுக்கப்பட்ட சூடோமோனாஸ் ஏடிபி என்ற பாக்டீரியாவைப் பற்றிய ஆய்வு 1995ஆம் ஆண்டு வெளியானது. அதைக் கண்டுபிடித்த முறை எளிமையானது. அட்ரசின் தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும் என்பதால், அதை மிகுதியாகக் கலந்த அகார் தட்டு (பாக்டீரியா வளர்க்கும் கூழ்த் தட்டு) பால் ஊற்றியதுபோல் வெளுத்திருக்கும். அட்ரசினை உடைக்கும் பாக்டீரியா அந்தத் தட்டில் வளர்ந்தால், அதன் கூட்டத்தைச் சுற்றி மட்டும் வெண்மை கரைந்து, கண்ணாடிபோல் தெளிந்த ஒரு வட்டம் தெரியும்.

அட்ஸ்-ஏ நொதியில் 475 அமினோ அமிலங்கள் உள்ளன. மெலமைனிலிருந்து அமீன் தொகுதியை நீக்கும் டிரை-ஏ என்ற நொதியோடு ஒப்பிட்டால், இவற்றில் ஒன்பது மட்டுமே வேறுபடுகின்றன. ஒன்பது இடங்களின் மாற்றம் அமீனை நீக்கும் நொதியைக் குளோரினை நீக்கும் நொதியாக ஆக்கிவிட்டது என்பது, இந்தத் துறையில் என்னை மிகவும் வியக்க வைக்கும் செய்தி. அட்ரசின் 1950களின் இறுதியில்தான் வயலுக்கு வந்தது என்பதை நினைத்தால், இந்த மாற்றம் நிகழ்ந்து நெடுங்காலம் ஆகியிருக்காது என்றே கருதத் தோன்றுகிறது. இந்த இளமை அதன் குறைகளிலும் தெரிகிறது. வளையத்தில் குளோரின் போன்ற ஹாலஜன் இருந்தால் மட்டுமே அட்ஸ்-ஏ வேலை செய்யும். அதே குடும்பத்தைச் சேர்ந்த அமெட்ரின், புரோமெட்ரின் ஆகியவற்றில் கந்தகம் சேர்ந்த தொகுதி இருப்பதால், அவற்றை அது தொடுவதில்லை.

டிர்ஸ்-என் இங்கேதான் முந்துகிறது. நோகார்டியாய்ட்ஸ், ஆர்த்ரோபாக்டர் போன்ற பாக்டீரியாக்களில் காணப்படும் இந்த மரபணுவின் நொதி, குளோரினை மட்டுமின்றி மெத்தாக்சி தொகுதியையும், மேலே சொன்ன கந்தகம் சேர்ந்த மெத்தில்தயோ தொகுதியையும் நீக்குகிறது. அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் களைக்கொல்லி கசிந்த ஓர் இடத்தில் கிடைத்த ஆர்த்ரோபாக்டர் ஆரசென்ஸ் டிசி1 என்ற வகை, இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த 23 சேர்மங்களைச் சிதைப்பதாக 2002ஆம் ஆண்டு காட்டப்பட்டது. பல களைக்கொல்லிகள் ஒன்றாகக் கலந்து கிடக்கும் மண்ணுக்கு இந்த அகலம் பெரிய பயன்.

அதைவிடவும் எடை மிகுந்த வேறுபாடு, நொதி தன் இலக்கை எவ்வளவு இறுகப் பிடிக்கிறது என்பதில் இருக்கிறது. அட்ஸ்-ஏ தன் முழு வேகத்தில் பாதியை எட்டுவதற்குச் சுமார் 150 மைக்ரோமோலார் (கரைசலின் செறிவைக் குறிக்கும் அலகு) அட்ரசின் தேவை. ஒரு லிட்டர் தண்ணீரில் கரையும் அட்ரசினே ஏறத்தாழ 33 மில்லிகிராம்தான். அதுவும் அதே 150 மைக்ரோமோலார் அளவுதான். அதாவது தண்ணீர் கொள்ளும் மட்டும் அட்ரசின் கரைந்திருந்தாலும் அட்ஸ்-ஏ பாதி வேகத்தில்தான் ஓடும். டிர்ஸ்-என் நொதிக்கு இந்த அளவு சுமார் 20 மைக்ரோமோலார்தான். குடிநீரில் அட்ரசினுக்கு அமெரிக்கா விதித்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 3 மைக்ரோகிராம். அந்த வரம்பை நோக்கி நீரைச் சுத்தப்படுத்த வேண்டுமானால், நீர்த்த நிலையிலும் இலக்கை விடாமல் பற்றும் நொதியே தேவை.

இவ்வளவு இருந்தும் அட்ஸ்-ஏவைத் தள்ளிவிட முடியாததற்கு அதன் கள அனுபவம் காரணம். தெற்கு டகோட்டாவில் அட்ரசின் மிகுதியாகச் சிந்திய மண்ணில், சில இடங்களில் பத்து லட்சத்தில் 29,000 பங்கு வரை இருந்த மண்ணில், 2000ஆம் ஆண்டு வெளியான ஒரு சோதனை நடத்தப்பட்டது. அட்ஸ்-ஏ நொதியை மிகுதியாக உண்டாக்கும்படி மாற்றிய ஈ.கோலை பாக்டீரியாவை வேதிப்பொருளால் கொன்று, உயிரற்ற அந்தச் செல்களை மண்ணில் கலந்தார்கள். மரபணு மாற்றிய உயிர் வெளியில் பெருகிவிடுமோ என்ற அச்சத்துக்கு இடம் வைக்காத வழி இது. எட்டு வாரங்களில் அட்ரசின் 52 விழுக்காடு குறைந்தது. செல்களோடு பாஸ்பேட்டும் சேர்த்த மண்ணில் 77 விழுக்காடு குறைந்தது. பாஸ்பேட் மட்டும் இட்ட மண்ணில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

முதல் வெட்டுக்குப் பிறகு இரண்டு பாக்டீரியாக்களின் வழியும் சிறிது தூரம் ஒன்றாகவே செல்கிறது. அட்ஸ்-பி, அட்ஸ்-சி ஆகிய மரபணுக்களின் நொதிகள் வளையத்தின் பக்கக் கிளைகளை வெட்ட, வளையம் சயனூரிக் அமிலமாக எஞ்சுகிறது. ஆர்த்ரோபாக்டர் டிசி1 அங்கே நின்றுவிடும். வெட்டப்பட்ட கிளைகளே அதற்குக் கார்பனும் நைட்ரஜனும் தந்துவிடுகின்றன. சூடோமோனாஸ் ஏடிபியோ அட்ஸ்-டி முதலான மரபணுக்களைக் கொண்டு வளையத்தையே திறந்து, கார்பன் டைஆக்சைடும் அம்மோனியாவுமாக முடித்துவைக்கிறது. முழுமை என்ற வகையில் இது மேலானதாகத் தெரியும். ஆனால் அந்தக் கடைசிப் பகுதி மரபணுக்கள் நைட்ரஜன் தட்டுப்பாட்டுக்கு ஏற்ப இயங்குபவை. அம்மோனியம் தாராளமாக இருக்கும் உரமிட்ட மண்ணில் அவை அடங்கிவிடுகின்றன.

அட்ரசின் குவியலாகக் கொட்டிக் கிடக்கும் இடத்தில், களத்தில் சோதித்துப் பார்த்த அட்ஸ்-ஏ செல்களைப் பாஸ்பேட்டோடு இடுவதையே நான் பரிந்துரைப்பேன். நீர்த்துப்போன கிணற்று நீருக்கும், பல களைக்கொல்லிகள் கலந்த மண்ணுக்கும் டிர்ஸ்-என் கொண்ட பாக்டீரியாவே என் தேர்வு. அது விட்டுச்செல்லும் சயனூரிக் அமிலத்தை உண்ணும் பாக்டீரியாக்கள் பெரும்பாலான மண்ணில் முன்பே வாழ்கின்றன.