ஃபயர்கிளே சிங்கில் விரிசல்: அடைப்பதா, பூசுவதா, மாற்றுவதா?

முகப்பு கேபினட்டுக்கு வெளியே தெரியும்படி அமைக்கும் பெரிய ஃபயர்கிளே சிங்கில் விரிசல் விழுந்துவிட்டால், எந்தப் பசை நல்ல பசை என்றுதான் முதலில் தேடத் தோன்றும். அதற்கு முன்னால் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு ஒன்று இருக்கிறது: விரிசல் விழுந்த இடத்தில் சூடான நீர் படுகிறதா, இல்லையா என்பதே அது. எங்கள் சமையலறையில் வடிதுளையின் விளிம்பிலிருந்து தொட்டியின் அடிப்பகுதிக்கு ஒரு விரிசல் கிளம்பியபோது, எபாக்சி என்ற இறுகும் பசையால் அடைப்பது, மேற்பூச்சு கொடுப்பது, சிங்கையே மாற்றுவது ஆகிய மூன்றையும் எடைபோட்டுப் பார்த்து, கடைசியில் முகப்புள்ள எஃகு சிங்குக்கு மாறினோம். அந்த முடிவின் பக்கமே நான் சாய்ந்து எழுதுகிறேன் என்பதை வாசிப்பவர் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ஃபயர்கிளே என்பது சுமார் 1200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டெடுத்த தடித்த களிமண் உடலும், அதன்மேல் கண்ணாடியாக உருகிப் படிந்த கிளேஸ் பூச்சும் சேர்ந்த பொருள். பூச்சு நீரை உள்ளே விடாது. உடல் நுண்துளைகள் கொண்டது. வழி கிடைத்தால் நீரை உறிஞ்சும். ஆகவே விரிசல் பூச்சோடு நிற்கிறதா, உடலுக்குள் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. பூச்சில் மட்டும் பின்னலாகப் பரவியிருக்கும் நுண்கீற்றுகள் பூச்சும் உடலும் வெப்பத்தில் ஒரே அளவு விரிந்து சுருங்காததாலோ, உடல் ஈரம் ஏறி மெல்ல உப்புவதாலோ உண்டாகின்றன. அவை கறை பிடித்துக் கண்ணை உறுத்தினாலும் சிங்கை உடைத்துவிடுவதில்லை. அவற்றுக்காக எதையும் வாங்கிப் பூசத் தேவையில்லை என்பது என் கருத்து. தனியாக ஒரே கோடாக ஓடி, நாளடைவில் பழுப்பேறி, விரல் நகத்தைக் குறுக்கே இழுத்தால் இலேசாகத் தட்டுப்படும் விரிசல்தான் கவலைக்குரியது.

இதை உறுதிப்படுத்த எளிய சோதனை ஒன்று உண்டு. கேபினட்டுக்குள் டார்ச்சுடன் குனிந்து, சிங்கின் அடிப்புறத்தில் விரிசலுக்கு நேர் கீழே உலர்ந்த காகிதக் கைக்குட்டையை ஒட்டிவிட்டு, தொட்டியில் சில சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நிரப்பி இரவு முழுவதும் விட்டுவிட வேண்டும். காலையில் காகிதம் நனைந்திருந்தால் விரிசல் உடலைக் கடந்துவிட்டது. காகிதம் உலர்ந்தே இருந்தாலும், அடிப்புறத்தில் விரிசலின் போக்கை ஒட்டி நிறம் மங்கிய கோடு தெரிந்தால் நீர் பாதி வழி வந்துவிட்டது என்று கொள்ளலாம். விரல் கணுவால் தட்டி, ஒலி கணீரென்று வருகிறதா, மந்தமாக வருகிறதா என்று பார்ப்பவர்களும் உண்டு. பொருத்திய சிங்கில் அதை நம்ப வேண்டாம், சிலிக்கானும் தாங்கு சட்டமும் ஒலியை அடக்கிவிடும்.

இனி எபாக்சி. வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விரிசலைச் சுற்றியுள்ள எண்ணெய்ப் பிசுக்கை நன்றாகக் கழுவி, சிங்கைப் பல நாள் பயன்படுத்தாமல் உலரவிட்டு, வைரத்துகள் பதித்த சிறு அரைமுனையால் விரிசலின் வாயை ஆங்கில வி எழுத்தின் வடிவில் சற்று அகலப்படுத்தி, இரண்டு பகுதிகளைக் கலக்கும் எபாக்சியை உள்ளே அழுத்தி நிரப்பி, இறுகிய பிறகு மெல்லிய உப்புத்தாளால் மட்டமாகத் தேய்க்க வேண்டும். பொறுமையாகச் செய்தால் பார்வைக்கு நன்றாகவே அமைகிறது. முகப்பில் பாத்திரம் இடித்துச் சில்லு பெயர்ந்த இடத்தை நாங்கள் இப்படித்தான் நிரப்பினோம். வெண்மையில் ஓர் இழை வேறுபாடு இருந்ததைத் தவிர, சிங்கைக் கழற்றும்வரை அது அசையவே இல்லை.

ஆனால் அடிப்பகுதி வேறு கதை. புதிய சிங்க் வரும்வரை ஒழுகாமல் இருக்கட்டும் என்று வடிதுளையருகே இருந்த விரிசலையும் அதே எபாக்சியால், அதே கவனத்தோடு அடைத்திருந்தோம். கொதிநீர் ஊற்றும் வழக்கமான சமையல் வேலை தொடங்கிய சில நாட்களிலேயே, நிரப்பிய பொருளின் இரு ஓரங்களிலும், பூச்சைத் தொடும் இடத்தில், மயிரிழை அளவுக்குக் கருங்கோடு தெரிய ஆரம்பித்தது. எபாக்சியின் நடுவில் எந்த உடைவும் இல்லை. பிடிப்பு விட்டது ஓரத்தில்தான்.

இதற்குக் காரணம் வெப்பம். ஒவ்வொரு டிகிரிக்கும் எபாக்சி விரியும் அளவு, சுட்ட களிமண் விரியும் அளவைப்போல் ஏறக்குறைய 10 மடங்கு. 15 சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் அடைப்பின்மேல் 20 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடேற்றும் நீரை ஊற்றினால், களிமண் 0.06 மில்லிமீட்டர் நீள முயலும்போது எபாக்சி 0.6 மில்லிமீட்டர் நீள முயல்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால், இந்த வேறுபாடு முழுவதும் ஒட்டுமுகத்தில் இழுவிசையாகவும் சறுக்குவிசையாகவும் போய்ச் சேர்கிறது. குளிர்ந்ததும் அதே விசை எதிர்த்திசையில் வேலை செய்கிறது. ஒரு நாளில் இது எத்தனை முறை நடக்கிறது என்பது சமைப்பவருக்குத் தெரியும்.

இதோடு முடியவில்லை. அறை வெப்பத்திலேயே இறுகும் சாதாரண எபாக்சிகளில் பல, ஏறத்தாழ 50 முதல் 60 டிகிரிக்குள் கண்ணாடித் தன்மையை இழந்து இளகத் தொடங்குகின்றன. குழாயில் வரும் வெந்நீரே அந்த எல்லையைத் தொடக்கூடும். அடுப்பிலிருந்து இறக்கிக் கொட்டும் நீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இளகிய நிலையில் பாத்திரத்தின் கனம் வேறு அதன்மேல் விழுகிறது. சுட்ட களிமண் வெப்பத்தை மெதுவாகக் கடத்தும் பொருள் என்பதால், தொட்டியின் மேற்புறம் சுட்டுக்கொண்டிருக்கும்போது அடிப்புறம் குளிர்ந்தே இருக்கிறது. மேற்புறம் விரிய முயல, அடிப்புறம் பிடித்து நிறுத்த, அந்த இழுபறியின் முழுச் சுமையையும் ஏற்கெனவே பிளந்திருக்கும் இடம் தாங்க வேண்டியிருக்கிறது. எவ்வளவு விலையுயர்ந்த பசையாக இருந்தாலும், உடையக்கூடிய உடலின் இந்த அசைவை நிறுத்தாது. ஆகவே முகப்பிலோ மேல்விளிம்பிலோ உள்ள சேதத்துக்கு எபாக்சி நிலையான தீர்வு, தொட்டியின் அடியிலும் வடிதுளையைச் சுற்றியும் அது இடைக்கால ஏற்பாடு என்று நான் பிரித்துக்கொண்டுவிட்டேன். பக்கச் சுவரில் உயரத்தில் இருக்கும் விரிசல் இவை இரண்டுக்கும் நடுவே வருகிறது; அதை அடைத்துப் பார்த்த அனுபவம் எனக்கு இல்லை, சூடான நீர் நேராகப் படாதவரை எபாக்சி அங்கே அதிக நாள் நிற்கும் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் இருக்கிறது.

இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். 84 சென்டிமீட்டர் அகலச் சிங்கில் விளிம்புவரை நிரப்பினால் 60 லிட்டருக்கு மேல் நீர் கொள்ளும். அடியில் குறுக்கே ஓடும் விரிசலோடு அந்த எடையைச் சுமக்கவிடுவது எனக்கு உவப்பாக இல்லை. கசிவு மெதுவாக இருந்தாலும், கீழேயுள்ள கேபினட் துகள் பலகையால் ஆனதென்றால் அது ஈரத்தில் ஊதி, தாங்கு சட்டமே தளர்ந்துபோகும்.

மேற்பூச்சைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை. பழைய குளியல் தொட்டிகளைப் புதுப்பிப்பதுபோல், முழுச் சிங்கையும் சொரசொரப்பாக்கி யூரித்தேனோ எபாக்சியோ தெளிப்பது இந்த முறை. நான் இதைச் செய்துகொண்டதில்லை. பொருளின் இயல்பை வைத்தே மதிப்பிடுகிறேன். தெளிக்கும் படலம் ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதிதான். அதற்கு அடியில் விரிசல் அசைந்துகொண்டிருந்தால், மேலே படலம் அதே கோட்டில் பிளக்கும். தேய்க்கும் பொடியும் கம்பி நாரும் அதற்கு ஆகாது, கத்தியும் இரும்புச் சட்டியும் புழங்கும் சமையலறையில் அந்தக் கட்டுப்பாட்டைக் காப்பது கடினம். மேற்பூச்சு தெளிப்பதற்கு முன் சிலர் பயன்படுத்தும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும், யூரித்தேன் தெளிப்பில் வரும் ஐசோசயனேட் ஆவியும் உடலுக்குக் கடுமையான தீங்கு செய்யக்கூடியவை. தாமே செய்துகொள்ளலாம் என்று இறங்க வேண்டிய வேலை இது இல்லை. பூச்சில் மட்டும் கீற்றுகள் பரவி, தோற்றமே பிரச்சினை என்றால் இதை யோசிக்கலாம்.

மாற்றுவது என்று முடிவானால், மறுபடியும் ஃபயர்கிளேயா, எஃகா என்பதுதான் உண்மையான போட்டி. எனாமல் பூசிய வார்ப்பிரும்பும் உண்டு, அழகானதும் உண்டு. எனாமல் பெயர்ந்த இடத்தில் துரு பிடிக்கும், எடையிலும் ஃபயர்கிளேக்குக் குறைந்ததில்லை. குவார்ட்ஸ் துகளைப் பிசினில் கலந்து வார்க்கும் சிங்குகளை நான் நெருங்கிப் பார்த்ததில்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

எஃகைத் தேர்ந்தெடுக்க வைத்ததும் அதே வெப்பம்தான். துருப்பிடிக்காத எஃகு, டிகிரிக்கு டிகிரி கணக்கிட்டால், களிமண்ணைவிட அதிகமாகவே விரிகிறது. ஆனாலும் அது பிளப்பதில்லை. தகடு ஒன்றரை மில்லிமீட்டர் அளவே தடிமன் என்பதால் மேலும் கீழும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் சூடாகிறது. மிஞ்சும் இழுவிசைக்கு அது வளைந்து கொடுக்கிறது, கொட்டிய நீர் வடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. கொதிநீரைக் கொட்டுவதற்கு முன் குழாயைத் திறந்து தண்ணீரைக் கலந்துவிடும் பழக்கம் எங்கள் வீட்டில் இப்போது யாருக்கும் தேவைப்படுவதில்லை. வடிதுளை இணைப்பையும் அச்சமின்றி இறுக்க முடிகிறது. ஃபயர்கிளேயில் நட்டைக் கூடுதலாக ஒரு சுற்று முறுக்கினாலே துளையின் ஓரத்தில் விரிசலுக்கு வித்திடலாம்; அதில் உணவுக் கழிவு அரைக்கும் இயந்திரத்தைத் தொங்கவிட்டால் எடையோடு அதிர்வும் சேர்ந்துகொள்கிறது.

குறைகளும் உண்டு, அவற்றை மறைக்க விரும்பவில்லை. எஃகில் கீறல் விழும். முதல் சில மாதங்களில் ஒவ்வொரு கீறலும் கண்ணில் படும், பிறகு எல்லாம் ஒன்றுசேர்ந்து ஒரே மங்கலாகிவிடும். நீர்த்துளி உலர்ந்த வட்டங்களைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அடிப்புறத்தில் ரப்பர் அட்டை ஒட்டாத சிங்கில் பாத்திரம் வைக்கும் ஓசை எரிச்சலூட்டும். சமையலறைச் சிங்குகளுக்கு நல்லதாகக் கருதப்படும் 304 வகை எஃகாக இருந்தாலும், குளோரின் கலந்த வெளுப்பானை ஊற்றி ஊறவிட்டால் குழிகள் விழலாம். வெள்ளை ஃபயர்கிளேயின் கனமான, மென்மையான தோற்றம் எஃகில் வராது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதற்காகவே சமையலறையைத் திட்டமிட்டவர்களுக்கு இந்த இழப்பு சிறியதில்லை.

மாற்றும் வேலையில் சிரமம் தருவது அளவு. ஃபயர்கிளே சூளையில் சுருங்குவதால், அறிவித்த அளவிலிருந்து இரண்டு விழுக்காடுவரை கூடவோ குறையவோ இருப்பது வழக்கமாக ஏற்றுக்கொள்ளப்படுகிறது. 84 சென்டிமீட்டரில் அது ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல். மேடைக்கல்லையும் கேபினட்டின் முகப்பையும் வெட்டியிருப்பது பழைய சிங்கின் உண்மையான உடலுக்கு ஏற்ப என்பதால், அதே மாதிரியைத் திரும்ப வாங்கினாலும் அப்படியே உட்காரும் என்று உறுதி இல்லை. எஃகு சிங்கின் அளவு மில்லிமீட்டர் கணக்கில் ஒரேமாதிரி வரும். அதனால் பழைய வெட்டைவிட முகப்பின் உயரமும் அகலமும் சற்று அதிகமுள்ள மாதிரியைத் தேர்ந்தால், முன்னே தெரியும் இடைவெளி மறைந்துவிடுகிறது. வடிதுளை இரண்டிலும் பெரும்பாலும் 90 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். ஆனால் துளை இருக்கும் இடமும் தொட்டியின் ஆழமும் மாறினால் கீழேயுள்ள குழாய் இணைப்பையும் மாற்ற வேண்டிவரும். பிளம்பரை அழைப்பதற்கு முன்பே அந்த இரண்டையும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றும்போது மேடைக்கல்லை உயர்த்த வேண்டிய தேவை பெரும்பாலும் வருவதில்லை. மேடைக்கல்லுக்கும் சிங்கின் விளிம்புக்கும் இடையிலுள்ள சிலிக்கானை மெல்லிய கத்தியால் சுற்றிலும் அறுத்து, குழாய்களைப் பிரித்து, தாங்கு சட்டத்தைச் சிறிது இறக்கினால் சிங்க் முன்பக்கமாக வெளியே வரும். 50 கிலோவை ஒட்டிய எடை, விரிசல் விட்ட உடல், உடைந்தால் கத்தியைப்போல் வெட்டும் ஓரம். ஆகவே இரண்டு பேர், தடித்த கையுறை, கீழே ஏந்திப் பிடிக்க ஒரு பலகை ஆகிய மூன்றும் இல்லாமல் தொடக்கூடாது.

புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் பழைய சிங்கின் உத்தரவாத ஆவணத்தை எடுத்துப் படிப்பது பயனுள்ளது. ஆயுட்கால உத்தரவாதம் என்று அச்சிட்டிருந்தாலும், பொதுவாக அது முதலில் வாங்கியவருக்கு மட்டும், தயாரிப்புக் குறைக்கு மட்டும் பொருந்தும். தவறான பொருத்தலும் திடீர் வெப்ப மாற்றமும் விலக்குப் பட்டியலில் இருக்கும், பொருத்தும் கூலியைத் தருவது அரிது. விரிசல் வடிதுளையில் தொடங்கியிருந்தால், அது பொருத்தலின் குறை என்ற பதில் வர வாய்ப்பு அதிகம். கோரிக்கை அனுப்ப எண்ணினால், எபாக்சி வைப்பதற்கு முன்பே மேற்புறமும் அடிப்புறமும் தெரியும்படி படங்கள் எடுத்துவிடுங்கள்.

தோற்றத்துக்காக மறுபடியும் ஃபயர்கிளேயையே தேர்பவர்கள், மேடைக்கல்லை வெட்டுவதற்கு அட்டவணை அளவைத் தராமல், வீட்டுக்கு வந்து சேர்ந்த சிங்கையே நேரில் வைத்து வரைந்துகொள்ளச் சொல்ல வேண்டும். தாங்கு சட்டம் நான்கு மூலையிலும் மட்டமாக இருக்கிறதா என்று பார்த்து, வடிதுளையின் இருபுறமும் மென்மையான ரப்பர் வாஷர் வைத்து, நட்டைக் கையால் இறுக்கிய பின் கருவியால் சிறிதளவே திருப்பி நிறுத்தலாம். அரைக்கும் இயந்திரம் அவசியம் என்றால் அதன் எடையைக் கேபினட்டோடு இணைத்த தனிச் சட்டம் தாங்கட்டும். கொதிநீரைக் கொட்டும்போது குளிர்நீர்க் குழாய் திறந்திருக்கட்டும், குறிப்பாகத் தொட்டி சில்லென்றிருக்கும் காலை வேளையில்.