'நல்லதையே நினை' என்பதா, கூட உட்காருவதா?

2017 நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கி புயலில் குமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவர்கள் பலர் கரை திரும்பவில்லை. பலரின் உடல்கூட கிடைக்கவில்லை. அப்படிக் காத்திருக்கும் பெண்ணிடம் "நல்லதையே நினை மக்ளே" என்பது ஒரு வழி. பரீட்சைப் பயத்துக்கு அது உதவும், சரி. இங்கே அது அழுகையை அடக்கச் சொல்வதாகிவிடுகிறது. 1987-இல் உளவியலாளர் டேனியல் வெக்னர் செய்த ஆய்வில், வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது என்று சிலரிடம் சொன்னார்கள்; அப்படி அடக்கியவர்களுக்குப் பின்னர் அந்தக் கரடியே அதிகமாக நினைவுக்கு வந்தது.

இன்னொன்று, பக்கத்தில் உட்கார்ந்து, போனவரின் பெயரைச் சொல்லிப் பேசவிடுவது. பதில் தேவையில்லை. ஒரு வேளைச் சோறு பொங்கிக் கொடுப்பதும் இதில் சேரும். என் மனசு இதன் பக்கம்தான்.

வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் போனால் இரண்டும் போதாது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம், இலவசம்.