ஜிப்சம் சீலிங்: ஐந்து மழைக்காலத்துக்குப் பிறகு

10க்கு 12 அடி படுக்கையறை. மர ரீப்பரில் தொங்கிய பழைய பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) சீலிங்கைக் கரையான் அரித்துவிட்டதால் இறக்கி, ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) சேனலில் 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு மாட்டி ஐந்து மழைக்காலம் ஆகிறது. போர்டில் குறையே இல்லை. விரிசல் விட்டதெல்லாம் இணைப்புகளில்தான்.

6க்கு 4 அடி போர்டில் நீளவாக்கு விளிம்பு மட்டும் சற்றுச் சரிந்திருக்கும். காகித டேப்பும், இணைப்பை நிரப்பும் ஜாயின்டிங் காம்பவுண்டும் அந்தப் பள்ளத்தில் அடங்கிவிடும். குறுக்கு விளிம்பில் அந்தச் சரிவு கிடையாது. அங்கே கத்தியால் லேசாகச் சீவி, காம்பவுண்டை ஒரு அடி அகலத்துக்காவது இழுத்துவிடாவிட்டால் டியூப்லைட் போட்டதும் மேடு தெரியும். டேப் ஒட்டாமல் வெறும் பட்டியால் அடைப்பது வீண்வேலை.

போர்டைத் திருகும் ஜிஐ சட்டத்துக்குச் செக்ஷன் என்று பெயர். செக்ஷனுக்குச் செக்ஷன் 18 அங்குலம் என்பதில் கணக்கு இருக்கிறது. 6 அடி போர்டின் முனை நான்காவது செக்ஷனின் நடுவில் வந்து உட்காரும். 12 அடிப் பக்கத்தின் நீளவாக்கில் போர்டைப் போட்டால் செக்ஷன் 7, சுவரோரச் சேனல் 4, மேலே தாங்கும் இன்டர்மீடியட் சேனல் 2 போதும், எல்லாம் 12 அடி நீளம். போர்டு 5 வேண்டும். 6 வாங்குங்கள், ஏதாவது ஒன்றின் முனை உடையத்தான் செய்யும். இரண்டாம் வரிசையை 3 அடித் துண்டில் தொடங்குங்கள். நான்கு மூலையும் ஓரிடத்தில் கூடினால் அங்கேதான் முதல் விரிசல்.

25 மி.மீ. கருப்பு ஸ்க்ரூ, 9 அங்குலத்துக்கு ஒன்று. தலை காகிதத்தை அழுத்திக்கொண்டு இறங்க வேண்டும், கிழிக்கக் கூடாது. கிழிந்தால் பிடிமானம் போச்சு. இரண்டு அங்குலம் தள்ளி இன்னொன்று போடுங்கள். போர்டு ஒன்று கிட்டத்தட்ட 20 கிலோ, தூக்கிப் பிடிக்க இன்னொரு ஆள் கட்டாயம் வேண்டும்.

சுவரும் சீலிங்கும் சேரும் மூலையில் பட்டி நிற்காது, அக்ரிலிக் சீலன்ட் நிற்கும். மொட்டைமாடி ஒழுகலை அடைக்காமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். பழுப்புக் கறை விழுந்தபின் எமல்ஷன் எத்தனை கோட் அடித்தாலும் மேலே வரும். முதலில் ஆயில் பிரைமர் அடித்தால்தான் அடங்கும்.

ஃபேனைக் கான்கிரீட் கொக்கியிலேயே மாட்டி, ராடை மட்டும் நீளமாக்குங்கள். மூடுவதற்கு முன் வயர் போகும் வழியைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கொக்கி அருகே, செக்ஷனை வெட்டாமல் இரண்டுக்கும் நடுவில், 15 அங்குலச் சதுரத்தில் ஒரு திறப்பு விட்டால் பின்னால் போர்டை உடைக்க வேண்டியிருக்காது.