கூடாரத்துக்கு முன்னால் புல்தரை: சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

கோத்தகிரியில் தேயிலைச் சரிவில் மூன்று கூடாரம் போடப்போகும் நண்பர், "முன்னாடி புல் போடலாமா, ஜல்லி கொட்டலாமா?" என்று கேட்டிருந்தார். வாட்ஸ்அப்பில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதோடு, கிழிந்த கேன்வாஸை வத்தலக்குண்டுக்கு இறக்கி, தைத்து, மறுபடி மலையேற்றிக் கொண்டுவந்தது போன வாரம்தான். எழுத்தில் கொஞ்சம் சூடு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் இடம் கொடைக்கானலில், வில்பட்டிப் பக்கம். சஃபாரி டென்ட், மரத்தளம், நெருப்புக் குழி என்று கிளாம்பிங்குக்கு, அதாவது சொகுசுக் கூடாரத் தங்கலுக்கு, எல்லாரும் வைப்பதுதான். மரத்தளத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாதை விளக்கு முழங்காலுக்குக் கீழே, மஞ்சளாக, தரையைப் பார்த்து எரிந்தால் போதும். பூச்சியும் குறைவு, நட்சத்திரமும் தெரியும். சிமென்ட் இல்லாமல் அடுக்கிய கல்சுவர் மழைத் தண்ணீரை விட்டுவிட்டு மண்ணை மட்டும் பிடித்துக்கொள்கிறது. போட்ட காசுக்கு இதைவிட உழைத்த பொருள் எங்கள் இடத்தில் கிடையாது.

மிச்சம் இருப்பது புல்.

கிக்கியூ புல் கிழக்கு ஆப்பிரிக்க மலைகளிலிருந்து வந்தது. கொடையிலும் ஊட்டியிலும் அது பிடிக்காத மண் இல்லை. மண்ணுக்கு மேலும் கீழும் தண்டு ஓடுவதால் எத்தனை பேர் மிதித்தாலும் சாவதில்லை. வெறுங்காலில் நடந்தால் மெத்தென்று இருக்கும். குழந்தைகள் விழுந்தாலும் முட்டி சிராய்க்காது. வெள்ளைக் கூடாரம், முன்னால் பச்சை, பின்னால் மேகம். இந்த ஒரு படத்தைப் போட்ட பிறகுதான் எங்களுக்கு முன்பதிவே சூடுபிடித்தது. அதில் நான் பொய் சொல்ல முடியாது.

ஜனவரி உறைபனியில் அது கருகிப் பழுப்பாகும். சரி, அது தானே திரும்பி வந்துவிடும். ஓரம் வெட்டாமல் விட்டால் மரத்தளத்துக்கு அடியில் புகுந்து கூடாரத்தின் ஜிப் வரை எட்டிப் பார்க்கும். அதையும் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது கோடைதான். கோடை மழை பொய்த்தால் ஏப்ரல், மே மாதங்களில் மலை முழுக்கக் காய்ந்து கிடக்கும். பழைய புல்வெளிகளில் பெரும்பகுதி சீகை, தைலம், பைன் என்று மரக்காடாகி எத்தனையோ காலமாகிவிட்டது. அந்த மரங்களுக்கு அடியில் மேய என்ன இருக்கும்? அந்த நேரத்தில் சுற்றுவட்டாரத்தில் பச்சையாக இருப்பது யார் வீட்டுப் புல்? லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றுகிறவன் வீட்டுப் புல். சீசன் கூட்டம் வருவதும் அப்போதுதான், காட்டுமாடு வருவதும் அப்போதுதான். இரண்டும் வருவது ஒரே பச்சைக்காக. அதிலும் புல் வெட்டிய சில நாளில் இளந்துளிர் விடும்போது கூட்டமாகவே வந்துவிடும். நான் காசு கொடுத்துப் பந்தி போடுகிறேன், அவை வந்து சாப்பிட்டுவிட்டு இலையைக்கூட எடுக்காமல் போகின்றன. காலையில் சாணி அள்ளுவது ஒரு வேலை, குளம்புப் பள்ளத்தில் மண் நிரப்புவது இன்னொரு வேலை.

வேலி போடலாமே என்பார்கள். நெஞ்சளவு வேலியை ஒரு எம்பில் தாண்டுகிற மிருகம் அது. அதற்கு மேல் உயர்த்தினால் விருந்தினர் கம்பிக்குள் தங்கியது மாதிரி ஆகிவிடும். அதற்கு அவர்கள் ஊரிலேயே இருந்திருக்கலாம். விரட்டவும் கூடாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது அதிகபட்சப் பாதுகாப்புப் பட்டியலில், இருக்கிற விலங்கு. அது இல்லாவிட்டாலும், வளர்ந்த காளை ஒரு டன்னைத் தொடும். யார் போய்க் கையை ஓங்குவது?

இந்த முறை நடந்தது இதுதான். மழையில், கயிறு கட்டும் முளைகள் தளர்ந்திருந்தன. மேய்ந்துகொண்டே வந்த ஒரு காளையின் கொம்பில் கூடாரக் கயிறு மாட்டியிருக்கிறது. அது தலையை உதறியதும் முளை பிடுங்கிக்கொண்டு வந்து, பித்தளை வளையம் இருந்த இடத்தில் கேன்வாஸ் முழநீளத்துக்குக் கிழிந்துவிட்டது. நல்லவேளை, அந்தக் கூடாரத்தில் அன்று ஆளில்லை. பக்கத்துக் கூடாரத்தில் இருந்த மதுரைக் குடும்பம் வலை ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் வீடியோ எடுத்து, "வாழ்நாள் அனுபவம்" என்று ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனது. அதற்கு நன்றி சொல்லிப் பதில் போட்டுவிட்டுத்தான் தையற்கடைக்குக் கிளம்பினேன்.

சிரிக்கிற விஷயமும் இல்லை இது. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் கூடாரத்தில் தங்க வந்த ஒரு பெண் யானை தாக்கி இறந்தார். தோட்டம் வடிவமைக்க வருகிறவர்கள் செடி, கல், ஊஞ்சல் எல்லாம் பேசுவார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவர் கழிவறைக்குப் போகும் வழியில் என்ன நிற்கும் என்று எங்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டும்.

இப்போது கயிற்றைத் தரையில் கட்டுவதில்லை. மரத்தளத்தின் சட்டத்திலேயே கொக்கி அடித்துவிட்டேன். கூடாரத்துக்கும் கழிவறைக்கும் நடுவே இருந்த புல்லைக் கொத்தி எடுத்து ஜல்லி கொட்டியாயிற்று. ஜல்லியில் பெட்டிச் சக்கரம் உருளாது, பையன்கள் கல்லெறிவார்கள், சருகைப் பெருக்கவும் முடியாது. ஆனால் மேய அதில் ஒன்றுமில்லை.

ஆக, கோத்தகிரிக்காரரே, புல்லுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு ஒன்று. போடாதீர்கள். உங்கள் பக்கமும் காட்டுமாடு கொஞ்சமா? ஆசை விடவில்லை என்றால் கூடாரத்தை விட்டு நன்றாகத் தள்ளி, சரிவுக்குக் கீழே, யாரும் ராத்திரி நடக்காத இடத்தில் போடுங்கள். கோடையில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

நீ எடுத்துவிட்டாயா என்று கேட்பீர்கள். முன்பக்கம் இன்னும் எடுக்கவில்லை. மே மாதம் முழுக்க முன்பதிவாகிவிட்டது, அத்தனை பேரும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வருகிறார்கள்.