ஓர் எழுத்தால் போன மூன்று வாரம்

பழுது பார்க்கப் போயிருந்த என் கணினியின் கிராபிக்ஸ் கார்டு (திரைக்குப் படத்தை அனுப்பும் பாகம்) சென்ற வாரம்தான் திரும்பி வந்தது. அதே நாளில், புதிய கணினி வாங்கவிருக்கும் நண்பர் ஒருவர், கணினியின் மூளையான புராசசரில் இன்டெல் ஐ5 போதுமா, பணம் போனாலும் அதைவிட வேகமான ஐ7 வாங்கிவிடலாமா என்று கேட்டார். நான்கு ஆண்டுகளாக இன்டெல் ஐ5-12400எஃப் வைத்திருப்பவன் என்ற முறையில் அவருக்குச் சொன்னதையே இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

வேகத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. புத்தகப் பக்க வடிவமைப்பு என் தொழில். படங்கள் நிறைந்த அறுநூறு பக்க மலர் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, கூடவே பிடிஎஃப் கோப்பும் உருவாகிக்கொண்டிருந்தபோதுகூட ஆறு கோர் (தனித்தனியே கணக்கிடும் அலகுகள்) கொண்ட இந்தப் புராசசர் திணறி நான் பார்த்ததில்லை. ஐ7-12700-இல் கோர்கள் பன்னிரண்டு. உச்ச வேகம் 4.4-க்குப் பதில் 4.9 கிகாஹெர்ட்ஸ். ஆனால் அந்தப் பன்னிரண்டில் நான்கு, மின்சாரம் மிச்சம் பிடிப்பதற்கான சிறு கோர்கள். முழு மூச்சில் ஓடினால் அது 180 வாட் வரை இழுக்கும். என்னுடையது 117 வாட்டோடு நின்றுவிடும். ஏசி இல்லாத அறையில் சித்திரை வெயிலில் உட்கார்ந்து வேலை செய்பவனுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும். நாள் முழுக்க வீடியோ ரெண்டர் செய்பவர்கள் வேண்டுமானால் ஐ7-க்குச் செலவழிக்கட்டும்.

என் ஆற்றாமை எல்லாம் பெயரின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'எஃப்' மீதுதான். புராசசருக்குள்ளேயே வரும் கிராபிக்ஸ் இதில் இல்லை என்பதே அந்த எழுத்தின் பொருள். மகனின் விளையாட்டுக்காகத் தனிக் கார்டு எப்படியும் வாங்குகிறோமே, சும்மா கிடக்கப் போவதற்கு எதற்கு இன்னும் 2,000 ரூபாய் என்று கணக்குப் போட்டவன் நானே. கடைக்காரர் ஒருமுறைக்கு இருமுறை கேட்கத்தான் செய்தார். கார்டு படுத்துக்கொண்ட அன்று, எச்டிஎம்ஐ கேபிளைப் பிடுங்கி மதர்போர்டின் பின்புறத்தில் செருகினேன். செருக இடம் இருக்கிறது, கேபிளும் கச்சிதமாகப் பொருந்துகிறது, திரையிலோ 'நோ சிக்னல்' என்ற சொற்கள் மூலைக்கு மூலை மிதந்துகொண்டிருந்தன. பரணிலிருந்து புராசசர் பெட்டியை இறக்கிப் பார்த்தால், தனி கிராபிக்ஸ் அவசியம் என்று ஆங்கிலத்தில் அச்சிட்டே கொடுத்திருக்கிறார்கள். யாரை நோவது?

எழுத்தும் படமும் அடுக்கும் என் வேலைக்கு, வேண்டாமென்று விட்ட அந்த 2,000 ரூபாய் கிராபிக்ஸே தாராளம். அது இருந்திருந்தால் கார்டு இல்லாமலேயே கையிலிருந்த புத்தகத்தை முடித்திருப்பேன். அதற்குப் பதிலாக, மைத்துனரின் பழைய மடிக்கணினியில், 'ர'வுக்கும் துணைக்காலுக்கும் வேறுபாடு தெரியாத மங்கிய திரையில், மூன்று வாரம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மெய்ப்பு திருத்தினேன்.

நண்பருக்குச் சொன்னது இதுதான்: ஐ7 வேண்டாம், ஐ5 போதும், எந்தத் தலைமுறையானாலும் 'எஃப்' இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். என்னுடையதை விற்பதற்கு விளம்பரமும் எழுதிவிட்டேன். "நான்கு ஆண்டு உழைத்தது, ஒருமுறைகூடத் தகராறு செய்ததில்லை" என்று அதில் எழுதியிருக்கிறேன். ஒரு சொல்லும் பொய்யில்லை.